அந்தப் பெண்ணின் முகம் உங்கள் சேனலுக்கு எதற்கு?

கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருக்கிறேன். குடும்ப வழக்குகள்தான் அதிகம் வரும். சில வருடங்களாக, போனில் ஒரு யூடியூப் வீடியோவைக் காட்டி, "இதை எப்படியாவது எடுக்க வைங்க வக்கீலம்மா" என்று கேட்டு வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அதில் கணிசமானவை சபைச் சேனல்களின் சாட்சி வீடியோக்கள், அதாவது கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் எல்லோர் முன்னும் சொல்வது.

போன வாரம் வந்த பெண் கல்லூரியில் படிக்கிறாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சிறுவயதிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கம் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் ஜெபம் நடக்கும்போது மயங்கி விழுந்திருக்கிறாள். எழுந்ததும் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டே நாலு வார்த்தை பேசியிருக்கிறாள். மறுநாள் காலையில் வீடியோ வந்தாயிற்று. தம்நெயிலில் அவள் முகம், சுற்றி சிவப்பு வட்டம், 'பிசாசு அலறி ஓடியது' என்று மஞ்சள் எழுத்து. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி யாரோ கேலி ரீல்ஸ் ஆக்கினார்கள். கல்லூரியில் பட்டப்பெயர் வந்தது, பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது. "தேவன் சுகம் கொடுத்தார்னு சொன்னதுக்கா வக்கீலம்மா இவ்வளவு?" என்று அவள் அம்மா கேட்டார்.

சேனல்காரருக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், அந்தப் பொண்ணே மேடைக்கு வந்து சொன்னதுதானே? நாங்க என்ன கட்டாயப்படுத்தினோமா?" என்றார்.

இந்த 'அவளே சொன்னாளே'வைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவள் சொன்னது அந்தப் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தவர்களிடம். அவளோடு சேர்ந்து அழுதவர்கள், வீட்டுக்குப் போனதும் பாதியை மறந்துவிடுகிறவர்கள். பத்து வருடம் கழித்து அவள் பெயரைத் தேடிப் பார்க்கப்போகும், வேலை கொடுக்கிற நிர்வாகத்திடமும், மாமியார் வீட்டாரிடமும், அவள் பிள்ளையோடு படிக்கப்போகும் பையன்களிடமும் சொல்வதற்கு அவள் எப்போது சம்மதித்தாள்? மயங்கி எழுந்து, சுற்றி நிற்கும் கூட்டம் அல்லேலூயா சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. அந்த நிலையில் ஒரு கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை உடைக்க எந்த ஜூனியர் வக்கீலும் போதும். பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அப்பா சரி என்றார், பாட்டி சரி என்றார் என்பார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேலியைத் தாங்கப்போவது பாட்டியா?

நானும் பாத்திமா அன்னை திருத்தலத்துக்குப் போகிறவள்தான். ஏதோ ஒரு சபையை மட்டும் குறை சொல்லவில்லை. பங்குக் கோயில் வாட்ஸ்அப் குரூப்புகளில் வரும் ஜெபக் குறிப்புகளைப் பாருங்கள். பெயர், தெரு, ஆஸ்பத்திரி, வார்டு நம்பர், ஸ்கேன் ரிப்போர்ட்டின் படம் எல்லாம் இருக்கும். 'குழந்தை இல்லாத சகோதரிக்காக' என்று பெயரோடு போட்ட குறிப்பின் ஸ்கிரீன்ஷாட், விவாகரத்து மனுவில் இணைப்பாக வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயரே இல்லாமல் 'நம் சகோதரி ஒருவருக்காக' என்று போட்டால் கடவுளுக்கு யாரென்று தெரியாதா?

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தொழுகைக்கூடத் தலைவரின் மகள், பன்னிரண்டு வயது, இறந்துகிடக்கிறாள். இயேசு முதலில் கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். பெற்றோரும் மூன்று சீடர்களும்தான் உள்ளே. சிறுமி எழுந்த பிறகு, இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கண்டித்துச் சொல்கிறார், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். இதற்கு மேல் நான் என்ன வாதாட?

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 72-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. சிறுவர் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். 'மீட்கப்பட்ட சகோதரி' என்று முகத்தோடு பேட்டி எடுக்கிறவர்கள் கவனிக்கவும். நம்பிச் சொன்ன ஒருவரின் எச்ஐவி நிலையை வெளியே சொல்ல, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் ஜெப எண்ணெய் என்று விளம்பரம் போட்டு விற்கிறவர்கள் 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தை ஒருமுறை படிக்கட்டும்.

அப்படியானால் ஆன்லைனில் விசுவாசத்தைப் பகிரவே கூடாதா என்று கேட்காதீர்கள். மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அன்றைய வாசகத்துக்கு இரண்டு நிமிட விளக்கம் பேசுங்கள். பாட்டு போடுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்காக பைபிளின் சங்கீதங்களை வாசித்து ஆடியோவாக அனுப்புங்கள், அதை மலைக்கிராமத்தில்கூடக் கேட்பார்கள். உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள். அதிலும் மனைவி, மாமனார் வரும் இடத்தில் அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அடுத்தவர் சாமியைக் கிண்டல் செய்யும் ஃபார்வர்டு மட்டும் வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. உங்கள் ஸ்டேட்டஸைப் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கிறார். வேண்டுமென்றே புண்படுத்தியதாக வழக்கானால் பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை போகலாம்.

இன்னொருவரின் சாட்சியைப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். எடிட் செய்த வீடியோவை, தம்நெயிலோடு, அவர் வீட்டில் உட்கார்ந்து காட்டுங்கள். பாஸ்டரோ ஃபாதரோ எதிரில் இல்லாமல் கேளுங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. தயங்கினால் போடாதீர்கள்.

வாலிபர் கூட்டத்தில் சேனல் பார்த்துக்கொள்ளும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுதல். இந்த வாரம் பழைய வீடியோக்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகள், நோயாளிகள், மயங்கி விழுந்தவர்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அழிக்க மனம் வராவிட்டால் 'பிரைவேட்' ஆக்குங்கள். 'அன்லிஸ்டட்' போதாது, லிங்க் கையில் இருக்கிற யாரும் அதைப் பார்க்கலாம்.