ஸ்டீல் கிதாருக்கு முதலில் டிலே, அப்புறம்தான் ரிவர்ப்

நாஷ்வில்லில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் வேலை பார்க்கிறேன். வருவதில் பாதிக்கு மேல் கன்ட்ரி பாட்டு. அதனால் பெடல் ஸ்டீல் கிதார் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என் மேசைக்கு வந்துவிடும். அதில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு தவறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: டிலேயை (ஒலியைக் கொஞ்சம் கழித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் எஃபெக்ட்) விட்டுவிட்டு, ரிவர்ப்பை (பெரிய அறையில் ஒலி தங்கி அடங்குவது போன்ற எஃபெக்ட்) முதலில் கூட்டிவைப்பது.

போன குளிர்காலத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவர் வந்தார். நல்ல கை. புதிதாக வாங்கிய விலை உயர்ந்த ரிவர்ப் பெடலோடு, அதாவது அந்த எஃபெக்டைத் தரும் சின்னப் பெட்டியோடு, வந்திருந்தார். மெதுவான பாட்டு, டெம்போ 72, அதாவது நிமிடத்துக்கு 72 பீட். மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி கார்டைப் பிடித்து, கிதாரின் ஏ, பி என்று பெயரிட்ட இரண்டு கால் பெடலையும் மெல்ல மிதித்து, கம்பிமேல் வைத்த எஃகு பாரை நகர்த்தாமலே சி கார்டுக்குப் போகிற இடம். ஸ்டீலுக்கே உரிய அழகு அது. ஆனால் ஸ்பீக்கரில் கேட்டால் அந்த இடம் வரும்போதெல்லாம் சுருதி சேராத மாதிரி ஒரு நெருடல். தன் கிதார்தான் சரியில்லை என்று நினைத்துப் பத்துக் கம்பியையும் மறுபடி ட்யூன் செய்தார். பெடலுக்கு அடியில் படுத்து திருகுகளைச் சரிபார்த்தார். இருபத்தைந்து நிமிடம் போனது. திரும்ப வாசித்தார், அதே நெருடல்.

எழுந்து போய் அவருடைய ரிவர்ப் பெடலை அணைத்தேன். கார்டு கண்ணாடி மாதிரி வந்தது. கிதார் முதலிலிருந்தே சுருதியில்தான் இருந்திருக்கிறது.

ஏன் அப்படி? இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மடியில் வைத்து வாசிக்கிற ஹவாயன் கிதாரின் வாரிசு இது. கால் வைத்த மேசை போல நிற்கும். இடது கையில் உருண்டையான எஃகு பார், வலது கை விரல்களில் பிக். இடது காலுக்கு மூன்று பெடல், முழங்கால்களுக்கு லீவர்கள், வலது காலுக்கு வால்யூம் பெடல். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பிகளின் சுருதி ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். 1954இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் இப்படிக் கம்பியை ஏற்றியது எல்லோர் காதிலும் விழுந்தது. அதன் பிறகு ஸ்டீல் வாசிப்பவர்கள் வரிசையாகத் தங்கள் கிதாரில் பெடல் பூட்ட ஆரம்பித்தார்கள். நம் ஊர் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இழைவு புதிதல்ல. ஒரே நேரத்தில் ஒரு கம்பி இழைய, பக்கத்துக் கம்பி அசையாமல் நிற்பதுதான் இங்கே விசேஷம்.

இப்போது அந்த ஜி கார்டுக்குத் திரும்பலாம். அதில் ஜி, பி, டி என்று மூன்று ஸ்வரம். பெடலை மிதித்ததும் பி அரை ஸ்வரம் ஏறி சி ஆகிறது, டி ஒரு முழு ஸ்வரம் ஏறி ஈ ஆகிறது. கம்பி நகர்ந்துவிட்டது. ஆனால் ரிவர்ப் நகராது. ஒரு கணம் முன்பு உள்ளே போன பி ஸ்வரத்தை அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களான பி, சி இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. நெருடல் அங்கிருந்துதான் வந்தது.

எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ரிவர்ப் பெடலில் டீகே என்று இருப்பது, ஒலி 60 டெசிபெல் குறைய ஆகும் நேரம். அந்தப் பையன் வைத்திருந்தது 4 செகண்ட். அப்படியென்றால் செகண்டுக்கு 15 டெசிபெல்தான் குறைகிறது. டெம்போ 72இல் ஒரு பீட் 833 மில்லிசெகண்ட். ஒரு பீட் கடந்த பிறகும் பழைய ஸ்வரம் பன்னிரண்டு, பதின்மூன்று டெசிபெல் மட்டுமே இறங்கியிருக்கும். நன்றாகவே கேட்கும். அதையே 1.5 செகண்டுக்குக் குறைத்தால் செகண்டுக்கு 40 டெசிபெல். ஒரு பீட்டுக்குள் 33 டெசிபெல் போய்விடும், புது கார்டுக்கு இடம் கிடைத்துவிடும்.

இதோடு வால்யூம் பெடலும் சேர்கிறது. சாதாரண கிதாரில் மீட்டிய உடனே ஒலி தேய ஆரம்பிக்கும். ஸ்டீலில் கம்பி தேயத் தேய வலது கால் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகும், அதனால் ஒலி ஒரே அளவில் நிற்கும். ரிவர்ப் பெடலுக்கு இது ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. உள்ளே நிரம்பிக்கொண்டே போகும். அதனால்தான் கிதார் நண்பர் சொன்ன அதே அளவில் நாப்பைத் திருப்பி வைத்தாலும் ஸ்டீலில் இரண்டு மடங்கு ரிவர்ப் வந்த மாதிரி இருக்கிறது. கிதாருக்காகப் பேசுகிற வீடியோக்களைப் பார்த்து ரிவர்ப் வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

டிலே இந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ரிவர்ப் ஆயிரக்கணக்கான பிரதிபலிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறது, அதில் இழைவு கலங்கிப்போகும். டிலே கேட்டதை ஒரு பிரதி எடுத்து, கொஞ்சம் கழித்துத் திருப்பித் தருகிறது. பி மெல்ல சி ஆனால், எதிரொலியிலும் பி மெல்ல சி ஆகும். நகர்வு நகர்வாகவே திரும்பி வருகிறது. காது அதை மலையடிவாரத்தில் கேட்கிற எதிரொலியாக எடுத்துக்கொண்டு மன்னித்துவிடும். இரண்டு எதிரொலிக்கு நடுவில் வெறும் இடமும் கிடைக்கிறது. ஸ்டீலுக்கு அந்த வெறும் இடம் முக்கியம்.

என் வழக்கம் இது. மெதுவான பாட்டுக்கு டிலே நேரம் 350இலிருந்து 400 மில்லிசெகண்ட். எதிரொலி எத்தனை முறை வரும் என்பதை முடிவு செய்கிற ஃபீட்பேக் நாப், இரண்டாவது எதிரொலி கேட்டு மூன்றாவது கேட்டும் கேட்காமலும் போகிற அளவு. எதிரொலியின் லெவல் அசல் ஒலிக்குப் பன்னிரண்டு டெசிபெல்லாவது கீழே. வாசிக்கும்போது டிலே இருப்பது தெரியக்கூடாது, அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்த மாதிரி இருக்க வேண்டும். டெம்போவுக்குச் சரியாக ஒட்டவைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் மில்லிசெகண்ட் வரும், அதில் பாதியை வைத்துப் பாருங்கள். சரியாக ஒட்டினால் எதிரொலி ஸ்னேர் டிரம், ரிதம் கிதாருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். சில பாட்டுக்கு அது நல்லது. நீண்ட ஸ்வரங்கள் மிதக்கிற பாட்டில் கொஞ்சம் விலகியிருப்பதே எனக்குப் பிடிக்கிறது.

டிலேயின் தன்மையும் முக்கியம். எக்கோபிளெக்ஸ் மாதிரியான பழைய டேப் எக்கோவில் ஒவ்வொரு சுற்றிலும் மேல் அலைவரிசைகள் தேய்ந்துகொண்டே போகும், எதிரொலி தானாகவே பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். 1980களில் பாஸ் நிறுவனம் கையடக்க டிஜிட்டல் டிலே பெடல்களைக் கொண்டுவந்த பிறகு எதிரொலி அசலைப் போலவே பளிச்சென்று வர ஆரம்பித்தது. ஸ்டீலில் விரல் பிக்கின் உலோகச் சத்தம் கூர்மையானது. அது அப்படியே இரண்டாவது முறையும் வந்தால், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தப்புத் தாளத்தில் மீட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் எதிரொலியின் டோனைக் குறைக்கிற நாப் இருக்கிற டிலேயாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று, நான்கு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டால் போதும். மாடுலேஷன் நாப் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். பாரை அசைத்து வாசிப்பவர் தரும் நடுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் இயந்திரமும் சுருதியை ஆட்டினால் எது யாருடையது என்று தெரியாமல் போகும்.

டிலே சரியாக அமைந்த பிறகுதான் ரிவர்ப். அந்த வரிசையில் போனால் தேவைப்படும் ரிவர்ப் பாதியாகக் குறைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரிங் ரிவர்ப், ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் போன்ற ஆம்ப்களுக்குள் இருக்கும் அதே சுருள்கம்பி, பழைய கன்ட்ரி பாட்டுக்கு இன்னும் பொருத்தம். நான்கைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பெரிதாக எதுவும் வராது, அதனாலேயே இடைஞ்சல் செய்யாது. ஒரே குறை, தடித்த கம்பியைப் பலமாக மீட்டினால் உள்ளே இருக்கும் சுருள் துள்ளுகிற சத்தம் வரும்.

எனக்குப் பிடித்தது பிளேட். 1957இல் வந்த இஎம்டி 140 என்பது ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் தொங்கவிட்ட எஃகுத் தகடு. எடை ஏறக்குறைய 270 கிலோ. அதன் ஒலியைப் போலச் செய்கிற அமைப்பு இன்று பெரும்பாலான ரிவர்ப் பெடல்களிலும் உண்டு. ஸ்டீலுக்கு அதை 1.5 செகண்ட் டீகேயில், ப்ரீடிலே 50 மில்லிசெகண்ட் சுற்றி வைப்பேன். ப்ரீடிலே என்பது அசல் ஸ்வரத்துக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் நடுவில் விடுகிற இடைவெளி. அது இருந்தால் மீட்டல் தெளிவாகக் காதில் விழுந்த பிறகு ரிவர்ப்பின் வால் வரும். ரிவர்ப்புக்குள் போகும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதை வெட்டிவிடுவதும் அவசியம், சி6 என்ற தாழ்ந்த ட்யூனிங் உள்ள கழுத்தில் வாசிப்பவர்களுக்குக் கூடுதலாகவே அவசியம். அதன் பத்தாவது கம்பி 65 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அது ரிவர்ப்புக்குள் போனால் பேஸ் கிதாரோடு சண்டைதான்.

பெரிய அரங்கு போல நீளும் ஹால் ரிவர்ப்பும், வாலில் மேல் ஸ்தாயி ஸ்வரங்களைச் சேர்க்கிற ஷிம்மரும் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. இசைக்கலைஞர் டேனியல் லான்வா மாதிரி ஸ்டீலை மேகமாக்கி விரிக்கிறவர்களுக்கு அதுதான் கருவி. அங்கே கார்டு மாற்றம் அரிது, பழைய ஸ்வரமும் புதிய ஸ்வரமும் கலப்பதே நோக்கம். டெக்ஸஸ் நடன அரங்குகளில் வாசிக்கிற வேகமான வெஸ்டர்ன் ஸ்விங்குக்கு நேர் எதிர்: டிலே வேண்டாம், துளி ஸ்பிரிங் போதும்.

இனி வரிசை. கிதார், வால்யூம் பெடல், டிலே, ரிவர்ப், ஆம்ப். இதை மாற்றி வைத்ததால் ஒரு நேரடி நிகழ்ச்சியே கெட்டுப்போனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவசரத்தில் வால்யூம் பெடலைக் கடைசியில் சொருகிவிட்டார்கள். வரியின் முடிவில் வாசிப்பவர் காலை எடுத்ததும் ஸ்வரத்தோடு எதிரொலியும் வாலும் கத்தரித்த மாதிரி நின்றன. அடுத்த வரிக்குக் காலை அழுத்தும்போது முந்தைய கார்டின் மிச்சம் எழுந்து வந்தது. நான்கு பாட்டு முடிந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. வால்யூம் பெடல் முன்னால் இருந்தால் காலை எடுத்த பிறகும் எதிரொலி தன் போக்கில் அடங்கும்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதிக்க ஒன்று இருக்கிறது. ஸ்டீலின் பிக்கப் பலமான சிக்னல் தரும். சில டிஜிட்டல் பெடல்களின் உள்வாங்கும் பகுதி அதைத் தாங்காமல் சிதறும். கடைக்காரரின் கிதாரில் சரியாகத்தான் கேட்கும். உங்கள் ஸ்டீலையே கொண்டுபோய், வால்யூமை முழுக்கத் திறந்து, கீழ்க்கம்பியைப் பலமாக மீட்டிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் அந்தப் பெடல் எவ்வளவு பேர்போனதாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை. ஒற்றை ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோ வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம்விட நான் கவலைப்படுவது வீட்டுப் பயிற்சியைப் பற்றி. ஸ்டீலில் ஃப்ரெட் என்பது வெறும் கோடு. பாரை எங்கே நிறுத்துவது என்று சொல்வது காதுதான். 24 அங்குலத்தை ஒட்டிய கம்பி நீளத்தில், மூன்றாம் ஃப்ரெட் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தவறினால் சுருதி மூன்று சென்ட் சுமாருக்கு விலகும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பதினைந்தாம் ஃப்ரெட்டில் அதே ஒரு மில்லிமீட்டர் ஏழு சென்ட். நிறைய ரிவர்ப் இந்த விலகலை வாசிப்பவரிடமிருந்து மறைத்துவிடும். கம்பியின் ஒலியை உள்ளங்கையால் அடக்குகிற பழக்கம் தளர்ந்துபோவதையும் மறைத்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் அந்த இனிமையில் மூழ்கிப் பழகியவர் என் கூடத்துக்கு வந்து, ஹெட்ஃபோனில் தன் வெறும் ஒலியைக் கேட்டு முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. திறமை இல்லாதவர்கள் அல்ல அவர்கள். அவர்களுடைய காதுக்கு உண்மை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பயிற்சியின் முதல் பாதியையாவது எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வாசியுங்கள். மேடையிலும் உங்கள் மானிட்டரில் வெறும் ஒலி முன்னால் இருக்கட்டும்.

ஒலிப்பதிவுக்குப் போகிறீர்கள் என்றால் வால்யூம் பெடலுக்குப் பிறகு சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எஃபெக்ட் இல்லாமல் தனி டிராக்கில் பதியச் சொல்லுங்கள். ரிவர்ப்பைப் பிறகு சேர்க்கலாம், பதிந்ததிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் பையனுக்கும் அப்படித்தான் செய்தோம். அவர் காதுக்கு மட்டும் கொஞ்சம் டிலே கொடுத்தேன், ஒரு துளி பிளேட். மூன்றாம் ஃப்ரெட்டுக்குத் திரும்பி வந்து பெடலை மிதித்தார். பி மெல்ல ஏறி சியில் போய் நின்றது, 380 மில்லிசெகண்ட் கழித்து அதே ஏற்றம் தூரத்தில் இன்னொரு முறை கேட்டது. இரண்டாவது டேக்கையே வைத்துக்கொண்டோம்.