கானுலா போனாரா ஹெமிங்வே?

‘எர்னெஸ்ட் ஹெமிங்வே 1933-ல் ஆப்பிரிக்காவுக்குக் கானுலா சென்றார்.’ அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிய இந்த வாக்கியம் அலுக்காமல் எழுதப்பட்டு வருகிறது. ‘சஃபாரி’க்குத்தான் இப்படிக் கானுலா என்று தமிழ் வைத்திருக்கிறார்கள். கானுலா பிடிக்காதவர்கள் ‘வேட்டைப் பயணம்’ என்று போடுகிறார்கள். இரண்டும் தவறு. முதலாவது கொஞ்சம் கூடுதல் தவறு.

சஃபாரி என்ற சொல்லின் பிறப்பில் சிக்கலே இல்லை. அரபியில் ‘சஃபர்’ என்றால் பயணம், பயணி ‘முசாஃபிர்’. கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையேறி ஸ்வாஹிலியில் ‘சஃபாரி’ ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. நம் கடலோர முஸ்லிம் ஊர்களில் கடல்கடந்து பிழைக்கப் போனவரைச் ‘சபராளி’ என்பார்களே, அதற்கும் இதே வேர்தான். சவாரிக்கும் இதற்கும் உறவில்லை, அது பாரசீகம். ஸ்வாஹிலிக்காரர் அத்தை வீட்டுக்குப் பேருந்தில் போனாலும் சஃபாரிதான். வழியனுப்புகிறவர் ‘சஃபாரி ன்ஜெமா’ என்று சொல்லிக் கையசைப்பார்: பயணம் நல்லபடி அமையட்டும். இதில் காடும் இல்லை, விலங்கும் இல்லை.

கானுலாவுக்கு வருவோம். கான் என்றால் காடு. ஹெமிங்வே முகாமிட்ட, தான்சானியாவின் செரெங்கெட்டியின் பெரும்பகுதி புல்வெளி. அந்தப் பெயரே எல்லையற்று விரியும் சமவெளி என்ற பொருளுள்ள, அங்குள்ள மாசாய் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. உலா என்றால் தலைவன் பவனி வர, ஏழு பருவப் பெண்களும் பார்த்து மயங்குவது. இன்றைய வழக்கில் மாலைக் காற்று வாங்கப் போவது. ஹெமிங்வேயின் முதல் சஃபாரிக்கு மனைவி பாலினின் சித்தப்பா கஸ் ஃபைஃபர் கொடுத்தது 25,000 டாலர். மனைவி, நண்பர் சார்லஸ் தாம்சன், வழிகாட்டி பிலிப் பெர்சிவல், கூடவே சமையல்காரர் முதல் சுமைகாரர் வரை ஒரு படை. இரண்டு மாதத்துக்கு மேல் கூடாரவாசம். நடுவில் ஹெமிங்வேக்குச் சீதபேதி முற்றி, சிறு விமானத்தில் நைரோபிக்குத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. இதற்குப் பெயர் உலாவா? அந்த விமானம்தான் 1936-ல் வந்த ‘கிளிமஞ்சாரோவின் பனி’ கதையின் முடிவில், சாகக் கிடப்பவனின் கனவில், மலையை நோக்கிப் பறக்கிறது. முள் கீறலுக்கு உடனே மருந்து போடாமல் கால் அழுகுவதும், லாரி பழுதாகி நடுவழியில் நிற்பதும்தான் அந்தக் கதையின் சஃபாரி.

‘வேட்டைப் பயணம்’ இவ்வளவு மோசமில்லை. சிங்கம், எருமை, குடு மான் எல்லாம் சுட்டார்தான். ஆனால் வேட்டை அந்தப் பயணத்தின் ஒரு வேலை மட்டுமே. 1935-ல் வந்த ‘ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்’ நூலில் நான்கு பகுதிகளின் தலைப்பிலும் ‘துரத்தல்’ என்ற சொல் நிற்கிறது. வேட்டை அது. முகாம், சமையல், இரவில் நெருப்பைச் சுற்றி இலக்கியப் பேச்சு, தோழன் பெரிய கொம்பை அடித்துவிட்டான் என்ற பொறாமை, இத்தனையும் சேர்ந்தது சஃபாரி.

சோதித்துப் பார்க்க ஓர் இடம் உண்டு. ஹெமிங்வேயின் ‘ஃபிரான்சிஸ் மக்கோம்பரின் குறுகிய மகிழ்வாழ்வு’ கதையில் வழிகாட்டி வில்சன், சஃபாரிக்குப் போகும்போதெல்லாம் இருவர் படுக்கும் அளவுள்ள கட்டில் ஒன்றை எடுத்துப்போவான், எந்தச் சீமாட்டியாவது வந்தாலும் வரலாம் என்று. இதை ‘வேட்டைக்குப் போகும்போது’ என்று மாற்றிப் படியுங்கள்: ஆள் கட்டிலைத் தோளில் சுமந்தபடி சிங்கத்தின் பின்னால் ஓடுகிறான்!

அதே கதையில் இன்னொன்று. எருமைகளைக் காரில் துரத்தியது நைரோபியில் தெரிந்தால் வில்சனின் உரிமம் போய்விடும். இன்று சுற்றுலா நிறுவனம் விற்கும் சஃபாரியிலோ வண்டியைவிட்டு இறங்கினால்தான் குற்றம். வண்டலூர் சிங்க சஃபாரியும் இந்த வகை. இதற்கு மட்டும் ‘விலங்குலா’ என்று வைத்துக்கொள்ளலாம்; ஆட்சேபம் இல்லை. இந்தப் பொருளை எடுத்துப்போய் 1933-க்கு மாட்டுவதுதான் கோளாறு.

இரண்டாம் சஃபாரி 1953-54. அப்போதைய மனைவி மேரிக்கு நாட்டை வானிலிருந்து காட்டக் கிளம்பிய விமானம் 1954 ஜனவரியில் உகாண்டாவின் மர்ச்சிசன் அருவி அருகே பழைய தந்திக் கம்பியில் உரசி விழுந்தது. மறுநாள் ஏறிய இரண்டாவது விமானம் தரையிலேயே தீப்பிடித்தது. தன் சாவுச் செய்தியைப் பத்திரிகைகளில் தானே படித்தார். அவ்வாண்டு நோபல் பரிசை வாங்க ஸ்டாக்ஹோமுக்குப் போக உடல் இடம்கொடுக்கவில்லை. இதை ‘வேட்டைப் பயணத்தில் காயம்’ என்று எழுதினால் காண்டாமிருகம் முட்டியதாகத்தானே படிப்பவர் நினைப்பார்?

சரியான தமிழ் எது? ஸ்வாஹிலிச் சொல்லுக்கு நேர் ‘பயணம்’. பழந்தமிழில் ‘செலவு’ அச்சாகப் பொருந்தும். இன்று போட்டால் அந்த 25,000 டாலர்தான் ஞாபகம் வரும். தந்தம் சுமந்து உள்நாட்டிலிருந்து கரைக்கு வந்த வணிகக் கூட்டத்தையும் சஃபாரி என்றார்கள். அதற்குச் ‘சாத்து’ இருக்கிறது, தூசு தட்டினால் போதும். ஹெமிங்வேக்கு ‘சஃபாரி’ என்றே விட வேண்டும். அவருடைய ஆங்கிலத்திலும் அது அயற்சொல்தான். பக்கத்திலேயே மெம்சாஹிப் (துரைசானி), ப்வானா (எஜமான்) எல்லாம் நிற்கின்றன. தூய்மைக்காக அதை மட்டும் தமிழாக்குவது பாதி வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

சஃபாரியைச் சுருக்குகிறவர்கள் அதன் ஆட்களையும் சுருக்குகிறார்கள். முன் சொன்ன கதையில், வில்சனைக் கூலிக்கு அமர்த்திய மக்கோம்பரைச் சமையல்காரர், பணியாட்கள், தோலுரிப்பவர், சுமைகாரர் எல்லோரும் தோளில் தூக்கிக் கூடாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். துப்பாக்கி சுமப்பவர்கள் மட்டும் சேரவில்லை. ஏனென்றால் அவன் சிங்கத்தைக் கண்டு ஓடியதைக் கூடநின்று பார்த்தவர்கள் அவர்கள். ‘வேலையாட்கள் தூக்கி வந்தனர்’ என்று ஒரே சொல்லில் முடித்தால் கதையின் முதல் குறிப்பே போச்சு. வில்சனின் தொழிலுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘white hunter’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘வெள்ளை வேட்டைக்காரர்’ என்று ஆக்குவதும் இப்படித்தான். மக்கோம்பரும் வெள்ளையர், அவரும் வேட்டையாடுகிறார். உரிமம் வைத்துக் கூலிக்கு வழிகாட்டும் வில்சன் யார் என்று வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? ‘வேட்டை வழிகாட்டி’ என்றால் குழப்பமே இல்லை.