கானர்பேஷன்: கூட்டுநகர்

தனித்தனியே தோன்றி, தனித்தனிக் கடைத்தெருவும் ஆட்சியும் கொண்டு வளர்ந்த நகரங்கள், இடையிலிருந்த வயலும் வெளியும் வீடுகளாகவும் ஆலைகளாகவும் மாறியபின் ஒன்றையொன்று தொட்டு, ஒன்று எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ள முடியாதபடி ஒரே குடியிருப்புப் பரப்பாக ஆவதை நகரியலார் ‘கானர்பேஷன்’ என்கின்றனர். ஜெர்மனியின் ரூர்ப் பகுதியில் நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த டூயிஸ்பர்க், எசன், போஹும், டோர்ட்மண்ட் ஆகிய நகரங்களின் பரப்பு இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு.

இச்சொல்லைப் படைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெட்டிஸ் (1854–1932). உயிரியல் பயின்று நகரமைப்புக்கு வந்த அவர், நகரங்களின் படிமலர்ச்சியைப் பற்றி 1915இல் வெளியிட்ட நூலில், பரவிக்கொண்டே போகும் லண்டனைப் பவளப்பாறைக்கு ஒப்பிட்டார். லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வரை நகரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதையும் சுட்டி, இத்தகைய பரப்புகளுக்குப் பெயரே இல்லையே என்று கேட்டார். விண்மீன் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை இவற்றுக்கு வழங்க முடியாது. குவியலைக் குறிக்கும் சொல் உண்மைக்கு நெருக்கமானதாயினும் மதிப்புக் குறைவாக ஒலிக்கக்கூடும். இப்படி இரண்டையும் ஒதுக்கிய பிறகே ‘கானர்பேஷன்’ என்ற புதுச்சொல்லை முன்வைத்தார். சேர்ந்து என்னும் பொருளுடைய ‘கான்’ என்ற லத்தீன் முன்னொட்டும், நகரத்தைக் குறிக்கும் ‘ஊர்ப்ஸ்’ என்ற லத்தீன் சொல்லும் அதன் உறுப்புகள். ‘ஊர்ப்ஸ்’ நம் ‘ஊர்’ போல ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாடுவோர் உண்டு. ஒலி ஒப்புமை மட்டும் பிறப்புக்குச் சான்றாகாது.

கெட்டிஸுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் அவர் 1914இல் இந்தியா வந்தபோது, அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. மீண்டும் திரட்டப்பட்ட பொருள்களைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் அறிக்கைகளும் எழுதினார்.

இச்சொல்லுக்குத் தமிழில் எதை வழங்குவது? ‘பெருநகர்’ பொருந்தாது. அது ஒரு தாய்நகரும் அதைச் சார்ந்த புறநகர்களும் சேர்ந்த பரப்பைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. இங்கோ பல மையங்கள் உள்ளன. ‘நகரத் தொகுதி’ என்றால் தமிழ் வாசகருக்குத் தேர்தல் தொகுதிதான் முதலில் நினைவுக்கு வரும். ‘இணைநகர்’ என்பதில் இரண்டும் இரண்டாகவே அருகருகே நிற்கும் பொருள் தொனிக்கிறது. ‘நகர்த்திரள்’ அழகிய சொல். ஆனால் அதை, இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் கையாளும் ‘அர்பன் அக்ளோமரேஷன்’ என்பதற்கு ஒதுக்குவதே முறை. அதன் வேர்ச்சொல் லத்தீனில் நூலுருண்டையைக் குறிக்கும். நம் ‘திரளை’யும் உருண்டையே. கணக்கெடுப்பு வரையறைப்படி ஒரே நகரும் அதை ஒட்டிய வளர்ச்சிப் பகுதிகளும் கூடத் திரளாகலாம். கானர்பேஷனுக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்கள் வேண்டும்.

ஆகவே ‘கூட்டுநகர்’ என்பதே தகுந்தது என்பது என் துணிபு. கூட்டெழுத்தில் இரண்டு எழுத்துகள் ஒரே வடிவாகின்றன, ஆயினும் இரண்டின் ஒலியும் அழிவதில்லை. கூட்டுக்குடும்பத்திலும் தனி ஆட்கள் மறைவதில்லை. கலப்பையும் தனித்தன்மையையும் ஒருங்கே உணர்த்தும் இந்தக் ‘கூட்டு’ வேறு சொல்லில் கிடைக்காது.

சிறிய அளவில் திருநெல்வேலி இதற்கு நல்ல சான்று. தாமிரபரணியின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுன், மறுகரையில் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த பாளையங்கோட்டை, சந்தைக்குப் பெயர்பெற்ற மேலப்பாளையம் ஆகியவை வேறு வேறு ஊர்களாகவே வளர்ந்தவை. சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் இரு கரைகளையும் இணைத்தது. இவையும் தச்சநல்லூரும் ஒரே மாநகராட்சி ஆனது 1994இல்தான். இன்றும் அங்குள்ளவர்கள் ‘டவுனுக்குப் போறேன்’, ‘பாளைக்குப் போறேன்’ என்று பிரித்தே சொல்வார்கள்.

ஆட்சி இணைப்பு வேறு, கூட்டுநகர் வேறு என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கொழும்பிலிருந்து காலி வீதியில் தெற்கே சென்றால் தெகிவளை, கல்கிசை, மொறட்டுவை எனக் கட்டடங்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தாலும், கொழும்புக்கும் தெகிவளை–கல்கிசைக்கும் மொறட்டுவைக்கும் தனித்தனி மாநகர சபைகளே உள்ளன. கெட்டிஸ் பெயரிட்டது நிலத்தில் நேரும் கலப்புக்குத்தான். அரசாணையால் எல்லை விரிவதை ‘மாநகராட்சி இணைப்பு’ என்றே எழுதலாம்.