சத்துக் குளிசை வாங்க முன்: போத்தலில் யாருடைய பெயர் இருக்கிறது?

கட்டாரிலிருந்து வருகிறவர் வீட்டுக்கு ஒரு மல்டிவிட்டமின் போத்தல் கொண்டுவருகிறார். கல்முனைக் கடையொன்றில் புரோட்டீன் மா டின்கள் அடுக்கியிருக்கின்றன. வட்ஸ்அப்பில் "சீனி வருத்தத்தை அடியோடு மாற்றும்" என்று ஒரு கப்சூல் விலைக்கு வருகிறது. நாம் எல்லாவற்றையும் சத்து என்றே சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

இலங்கையின் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருந்துகளோடு, மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கும் பொருட்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அந்த வகைக்குள் வருவதை இங்கே விற்பதற்கு முன் அதிகாரசபையில் பதிய வேண்டும். உணவாக விற்கும் சத்துமா, பானப்பொடி போன்றவை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும். கடைக்கு வந்து அவற்றைப் பரிசோதிக்கிறவர் உங்கள் பகுதி பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். லேகியம், சூரணம் என்றால் ஆயுர்வேதத் திணைக்களம்.

இதை வைத்து ஒரு பொருளைச் சுலபமாக எடைபோடலாம். உணவு என்று விற்கிற பொருளில் "நோயைக் குணமாக்கும்" என்று எழுதச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. மருந்து என்றால் பதிவு இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் விளம்பரமும் செய்யக் கூடாது. ஆகவே, பதிவைக் கேட்டால் "இது சாப்பாடுதானே" என்றும், பலனைக் கேட்டால் "பிரஷர் குளிசையை நிப்பாட்டலாம்" என்றும் சொல்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பேச்சை நம்பி இன்சுலினை விடுவது உயிருக்கே ஆபத்து.

போத்தலைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவரின் பெயர், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் எந்த நாடு என்பதும், இலங்கை இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால், பிரச்சினை வரும்போது பொறுப்புச் சொல்ல நாட்டுக்குள் ஆளில்லை. திகதியை மறைத்து விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம். கப்சூலின் மேலோடு பெரும்பாலும் ஜெலட்டின். ஹலால் பார்க்கிறவர்களும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும் அது எதிலிருந்து எடுத்ததென்று கேட்பது நல்லது.

"அமெரிக்காச் சாமான்" என்பது மட்டும் உத்தரவாதமாகாது. அங்கே 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்துணவுக் குளிசைகள் சந்தைக்கு வர அரசின் முன் அனுமதி தேவையில்லை. மருந்துத் தரம் பார்க்கும் யுஎஸ்பி (USP) போன்ற வெளி அமைப்பின் சோதனை முத்திரை இருந்தால், லேபலில் எழுதிய சத்து எழுதிய அளவில் உள்ளே இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். உடல் மெலியவைக்கும் குளிசைகளில் கூடுதல் கவனம் வேண்டும். மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010 இல் நிறுத்தப்பட்ட சிபுட்ரமைன் என்ற மருந்து, "மூலிகை" என்று விற்ற பல பொருட்களில் பின்னரும் பிடிபட்டிருக்கிறது.

வாங்கும்போது பில் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் இந்தப் பாவனையாளர் அதிகாரசபைக்குக் கொடுக்க வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. உணவுப் பொருள் பற்றியதை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் பிஎச்ஐயிடமே சொல்லலாம். மீதிக் குளிசையையும் போத்தலையும் எறிந்துவிடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்க முன் இன்னொன்று. கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம், விட்டமின் சி குளிசைகள் எம்ஓஎச் கிளினிக்கில் இலவசம். திரிபோஷா என்ற சத்துமாவும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அங்கேதான் கிடைக்கும். வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை எல்லா இடத்திலும் இதே நடைமுறைதான். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுக்க வேண்டாம், கல்சியத்தோடு சேர்த்தும் போட வேண்டாம். இரண்டுமே இரும்பு உடம்பில் சேருவதைக் குறைக்கும். வெளியிலிருந்து வந்த மல்டிவிட்டமினையும் எடுக்கிறீர்களென்றால் போத்தலோடு கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்ப காலத்தில் விட்டமின் ஏ மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு, அந்த அளவைக் குடும்பநல உத்தியோகத்தரோ டொக்டரோ பார்த்துச் சொல்வார்கள்.