ஆச்சியின் மஞ்சப்பையில் ஐந்து பாட்டில்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி என்னிடம் கண் காட்ட வந்தார். மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார்; ஐந்து சொட்டு மருந்து பாட்டில்கள். ஒன்று மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இன்னொன்று போன வருஷம் புரை ஆபரேஷன் செய்தபோது மிஞ்சியது. மீதி மூன்றும் மெடிக்கலில் கேட்டு வாங்கியவை. "கைக்கு எது வருதோ அதை விட்டுக்குவேன் தம்பி. நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை. அப்பயும் மண்ணு விழுந்தாப்ல உறுத்துது" என்றார். இந்த மாதத்தில் இது எத்தனையாவது பை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கண் உலர்வு என்று சொன்னதும் ஆச்சிக்குக் கோபம். "தண்ணி தாரையாக் கொட்டுது, காஞ்சு கெடக்குன்னு சொல்றீகளே?"

கொட்டுவது உறுத்தலைக் கழுவ அவசரமாக வரும் நீர். அது கண்மேல் நிற்காது, கன்னத்தில் ஓடிவிடும். கண்ணுக்கு வேண்டியது நிற்கிற படலம். கண்ணீரை வெறும் தண்ணீர் என்று நினைப்பதில்தான் கோளாறு. கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சளி போன்ற பசை, அதோடு நீர், மேலே இமையோரச் சுரப்பிகள் விடும் மெல்லிய எண்ணெய். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்க வேண்டும் என்று ஆச்சிமார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணிலும் அந்த எண்ணெய் போனால் நீர் ஆவியாகிவிடும். சாயம் விட்டுப் பார்த்தேன். பத்து விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டிய படலம் மூன்றே விநாடியில் உடைந்தது.

இனி சொட்டுக் கணக்கு. கண்ணில் ஒரு நேரத்தில் இருக்கும் கண்ணீர் சுமார் 7 முதல் 10 மைக்ரோலிட்டர். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50. ஒரு சொட்டே கண் கொள்ளாது. அடுத்தடுத்து இரண்டு விட்டால் மருந்தும் வழியும், சொந்தக் கண்ணீரும் கூடவே போகும். தொண்டையில் கசக்கிறதே, அது மூக்கு வழியாக இறங்கிய மருந்துதான்.

இதைவிட மோசம், பல பாட்டில்களில் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு. அது சோப்பு சாதி. எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கும், பசை சுரக்கும் செல்களையும் கெடுக்கும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. நாளுக்குப் பன்னிரண்டு தடவை என்றால்? ஆச்சி தன் படலத்தைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் இந்தப் பொருள் சேராத சொட்டைக் கேளுங்கள்.

சிவப்பைப் போக்கும் சொட்டு ரத்தக் குழாயைச் சுருக்கும். அடிக்கடி விட்டால், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். ஆபரேஷனில் மிஞ்சியது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு போகும். போனது திரும்பாது. இதை எத்தனை தடவை சொல்வது?

கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு விடுங்கள். கண்ணை மூடி மூக்கோர முனையை ஒரு நிமிஷம் அழுத்துங்கள். வேறு மருந்து இருந்தால் ஐந்து நிமிஷம் பொறுங்கள். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போடுங்கள். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் இமையோர எண்ணெயை இளக்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்கு பாட்டில்களைக் குப்பையில் போட்டேன். சிங்கப்பூர் பாட்டிலை மட்டும் ஆச்சி மெல்ல எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "மகன் வாங்கியாந்தது. விட மாட்டேன், சும்மா வச்சுக்கிறேன்." மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பாட்டிலோடு.