பசிஃபிகா

நியூசிலாந்து இலக்கியம் பற்றிய பேச்சில் 'மாவோரி, பசிஃபிகா எழுத்தாளர்கள்' என்ற இணைப்பை அடிக்கடி காணலாம். தமிழில் எழுதுவோர் இதைப் 'பசிபிக் எழுத்தாளர்கள்' என்று சுருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு.

மாவோரிகள் அந்த மண்ணின் மக்கள். சமோவா, தொங்கா, குக் தீவுகள், நியுவே முதலிய தீவுகளிலிருந்து அங்கே குடியேறியவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களுமே பசிஃபிகா. மொழியாலும் மூதாதையராலும் மாவோரிகளும் பாலினேசியர்தாம், அதாவது அத்தீவினரோடு ஓரினத்தவர்தாம். ஆனாலும் இந்தச் சொல் அவர்களைக் குறிக்காது. பாரதி கண்ணீர் வடித்த ஃபிஜிக் கரும்புத் தோட்டத்துத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நியூசிலாந்தில் குடியேறினாலும், அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை அவர்களை ஆசியர் கணக்கில்தான் சேர்க்கிறது.

சொல்லின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1520இல் தென் அமெரிக்காவின் முனையைக் கடந்து வந்த கடலோடி மகெல்லன், அலையடங்கிய கடலைக் கண்டு 'அமைதியானது' எனப் பொருள்படும் பெயரை (ஆங்கிலத்தில் 'பசிபிக்') இட்டார். பாலினேசியத் தீவு மொழிகளில் சொற்கள் உயிரெழுத்தில்தான் முடியும். ஆகவே அப்பெயர் சமோவ மொழியில் பசெஃபிகா என்றும் தொங்க மொழியில் பசிஃபிகி என்றும் ஆனது. நம் வாயில் பஸ் 'பஸ்ஸு' ஆவதும் இப்படித்தானே! பின்னர் நியூசிலாந்தின் அரசு, கல்வித் துறை ஆவணங்கள் வழியாகப் பசிஃபிகா பொதுச்சொல்லாகப் பரவியது.

மாவோரி, பசிஃபிகா இரண்டையும் ஒன்றாக்கினால் இலக்கிய வரலாறே குழம்பும். மாவோரி ஒருவர் எழுதிய முதல் நாவலும் சமோவர் ஒருவர் எழுதிய முதல் நாவலும் ஒரே ஆண்டில், 1973இல், வெளிவந்தன. முன்னதை எழுதியவர் விட்டி இஹிமைரா, பின்னதை எழுதியவர் ஆல்பர்ட் வென்ட். அரசவைக் கவிஞர் பட்டம் 1999இல் மாவோரிக் கவிஞர் ஹோனே துஃபாரேவுக்குக் கிடைத்தது. (அப்போது அதை வழங்கியது அரசு அல்ல, ஒரு திராட்சை மது ஆலை!) பசிஃபிகா கவிஞர் ஒருவர், செலினா துசிதாலா மார்ஷ், அதைப் பெற 2017 ஆயிற்று. இடையிலுள்ள 18 ஆண்டுகள் 'பசிபிக் எழுத்தாளர்கள்' என்ற தொடரில் காணாமல் போகின்றன.

தமிழில் என்ன சொல்லலாம்? 'அமைதிக்கடல் மக்கள்' மகெல்லனின் சொல்லுக்குத்தான் மொழிபெயர்ப்பு. தீவினர் அதைத் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டது அதில் இல்லை. பசிஃபிகா என்றே எழுதி, முதல் முறை 'பசிபிக் தீவு வழியினர்' என்று விளக்கினால் போதும். எழுத்தாளரின் தீவு தெரிந்தால் சமோவக் கவிஞர், தொங்க நாவலாசிரியர் என்பதே மேல்.

மாவோரியை 'மௌரி' என்று எழுத வேண்டாம். மா என்ற நெடிலை அடுத்து ஓ வந்தால் தமிழில் வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றும், எனவே மாவோரி.