கனகராயன் ஆற்று நீருக்கு ஏன் கணக்கு வேண்டும்?

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது ஒன்றும் குறைந்த மழை இல்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களை அந்த நீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

வவுனியாப் பக்கம் தொடங்கும் கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தன் துளைகளுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த ஆற்றின் மேற்பகுதியில் அடியில் இருப்பதோ கடும்பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலே உக்கிய படையிலும் கொஞ்சம் நீர் தங்கும், அவ்வளவுதான். அதனால்தான் வன்னியில் இத்தனை குளங்கள்.

குளத்தில் மறித்த நீரும் அப்படியே இருப்பதில்லை. சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியாகிவிடும். நூறு நாளில் அரை மீட்டர். இரண்டு மீட்டர் ஆழமுள்ள சின்னக் குளமென்றால், துருசு (குளத்து மதகு) திறக்காமலே நீர்மட்டத்தில் கால்வாசி போய்விட்டது! வண்டல் படிந்து குளம் மேடாகும்போது அதே நீர் அகலப் பரவி நிற்கும். இழப்பு இன்னும் கூடும். தூர்வாரச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருப்பதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றிலும் சிக்கலாகப் படுவது மார்கழி மாதம்தான். கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகம் வேண்டுமென்றால் அப்போது இரணைமடு நிரம்ப வேண்டும். ஒரு ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு ஒரு மீட்டர் ஆழ நீர் என்று வைத்தாலே 40 இலட்சம் லீற்றர் வரும். ஆனால் நிரம்பிய குளத்தில் வெள்ளத்துக்கு இடமிருக்காது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மிகை நீரை வெளியேற்றும் வான்கதவை முன்கூட்டியே திறந்துவிட்டு அப்புறம் மழை பொய்த்தால் சிறுபோகம் போச்சு. பிந்தித் திறந்தால் கீழே உள்ள வீடும் வயலும் போகும். ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மழை பெய்கிறது, அங்குள்ள குளங்கள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று மணிக்கு மணி தெரிந்தால்தான் கதவை எத்தனை அங்குலம் தூக்குவது என்று முடிவெடுக்க முடியும்.

இந்தக் கணக்கில் பலர் சேர்க்காத ஒன்று ஆற்று மணல். வைகாசியில் காய்ந்து கிடக்கும் ஆற்றில் கையால் தோண்டிப் பாருங்கள். மேலே சுடும் மணல். கொஞ்சம் ஆழம் போனதும் ஈரம். பிறகு குழியின் ஓரத்திலிருந்து நீர் கசிந்து ஊறும். மணலின் இடைவெளிகளில் கன அளவில் ஏறத்தாழ கால்பங்கு நீர் நிற்கும், மேலே உள்ள காய்ந்த மணல் அதை ஆவியாக விடாது. டிப்பர்களில் மணலை அள்ளும்போது இந்தச் சேமிப்பும் சேர்ந்து போகிறது. ஆற்றுப் படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணற்று நீரும் அந்தப் பள்ளத்தை நோக்கி வடிந்து, கிணற்று மட்டம் இறங்கிவிடும். மணலுக்கு அனுமதி கொடுக்கிறவர்களும் குளத்து நீரைப் பங்கிடுகிறவர்களும் ஒரே கூட்டத்தில் இருந்து பேச வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.